மண்சரிவும் அறிவியலும்: காவற்காரன் ஊதும் எக்காளம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் ஊவா மலைகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். தகரக் கூரையில் விழும் மழையின் ஓசையில் பிள்ளைகள் அயர்ந்து தூங்குவார்கள். தாயும் தகப்பனுமோ, "லயத்துக்கு மேலே இருக்கிற மண் இன்றிரவு நிற்குமா?" என்று விழித்திருப்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடுவதும் அறிவியல் ஆராய்ச்சியின் ஒரு வேலைதான். கண்ட விடை யாரிடம் போய்ச் சேருகிறது, சேர்ந்தபின் என்ன நடக்கிறது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

மீரியபெத்தை தரும் பாடம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயன்களை மூடியது. வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றிருந்தவர்கள் தப்பினார்கள். காலையில் புத்தகப் பையோடு புறப்பட்ட பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

இது யாரும் எதிர்பாராத விபத்து அன்று. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்கள் அங்கிருந்து அகல வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். அப்படியானால் ஆராய்ச்சி தவறவில்லை. உண்மையைக் கண்டு சொல்லியும் இருந்தது. ஆனால் போவதற்கு இடம் எங்கே? லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை. நிலம் அரசினுடையது, 1992 முதல் அது கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. ஒரு துண்டு நிலமும் கையில் இல்லாதவனிடம் "எழுந்து போ" என்றால் அவன் எங்கே போவான்? உயிர்கள் போனபின் 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அதே வீடுகள் 2011இல் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

செடிக்கு முந்தியது, மனிதனுக்குப் பிந்தியது

தேயிலைச் செடியின் நோய், பூச்சி, உரம் ஆகியவற்றை ஆராய 1925ஆம் ஆண்டிலேயே தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அது நல்ல காரியமே. செடி வாழ்ந்தால்தான் நம் அடுப்பு எரியும். ஆனால் அந்தச் செடியில் கொழுந்து பறிப்பவர் படுத்துறங்கும் சரிவை முறையாக அளந்து வரைபடமாக்கும் வேலை 1990இல்தான் தொடங்கியது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகளின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் அதை முதன்முதலாக ஆரம்பித்தது. சரிவின் செங்குத்து, அடியிலுள்ள பாறை, அதன்மேல் தங்கிய மண்ணின் கனம், நீர் ஓடும் வழி, நிலத்தின் அமைப்பு, நிலம் பயன்படும் விதம் ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்த்து, எந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று குறித்தார்கள்.

மண் சரிவது ஏன்? மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவில் மண் நிற்கிறது. தொடர்ந்து மழை பெய்யும்போது துகள்களுக்கிடையே நீர் நிறைந்து அவற்றை விலக்குகிறது, பிடி தளர்கிறது. நீரின் பாரமும் கூடுகிறது. பழைய சரிவுகளிலிருந்து வழிந்து வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த நிலமாயின் ஆபத்து இன்னும் அதிகம். கான்கள் அடைபட்டு நீர் தேங்குவதும், சரிவின் அடியை வெட்டி வீடு கட்டுவதும் அதை விரைவுபடுத்தும்.

வீட்டிலேயே மழையை அளக்கலாம்

இந்த ஆராய்ச்சி நமக்குத் தந்த பயனுள்ள பொருள் மூன்று எண்களே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, மேலும் தொடர்ந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற வேண்டும். வானொலியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்லப்படும் எச்சரிக்கைகள் இவற்றை ஒட்டியவையே.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள, அடி தட்டையான ஒரு டின்னைக் கூரைக்கும் மரத்துக்கும் விலகிய வெளியில், சாயாமல் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாடசாலை அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை அளந்து, எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். கடும் மழை நாளில் இடையிடையேயும் அளந்து பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் நின்றால் அது 75 மில்லிமீற்றர். உயர்தரம் படிக்கும் பிள்ளை வேண்டுமென்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே லயத்துக்குக் காவலாக இருக்கலாம்.

மண்ணும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென இறுகி மூட முடியாத கதவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நிற்றல் அல்லது கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால், மழையின் அளவு எதுவாயினும் காத்திருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கடவுள் சித்தம் என்று இருந்துவிடலாமா?

"மாதா பார்த்துக்கொள்வா, தலையெழுத்து எப்படியோ அப்படி" என்று சிலர் சொல்வதுண்டு. விசுவாசம் வேறு, ஆண்டவரைச் சோதிப்பது வேறு. ஆலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது நம் ஆண்டவர் இணங்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் வீட்டுக்குள் இருந்துகொண்டு செபமாலை சொல்வதைவிட, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு செபமாலை சொல்லியபடியே வெளியேறுவதுதான் விசுவாசம். உண்மையான ஆராய்ச்சி விசுவாசத்துக்கு எதிரானதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. அறிவும் அவர் தந்த கொடையே.

எசேக்கியேல் ஆகமத்தின் 33ஆம் அதிகாரத்தில் காவற்காரனைப் பற்றி வாசிக்கிறோம். ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாதவன் மற்றவர்களின் இரத்தத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கேட்டும் அசட்டை செய்பவன் தன் அழிவுக்குத் தானே பொறுப்பு. நம் காலத்தில் அறிவியலே அந்தக் காவற்காரன். ஆனால் எக்காளம் ஊதினால் மட்டும் போதாது. ஓடி ஒதுங்கக் கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பான நிலத்தில் உறுதியோடு கூடிய வீடுதான் அந்தக் கதவு. அதைத் திறக்காமல் "நாங்கள் எச்சரித்தோமே" என்று சொல்பவர், இறந்தவர்மேல் பழியைப் போடுகிறார்.

2023 மார்ச்சில் பூனாகலைப் பகுதியில் மீண்டும் மண் சரிந்து லயன் வீடுகள் அழிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ உயிர்களைப் பறித்தது. ஆகவே மீரியபெத்தை முடிந்துபோன கதை அன்று.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் லயன் எந்த ஆபத்து வலயத்தில் உள்ளது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் மறக்கப்படும், கடிதம் நிற்கும்.

2. ஒவ்வொரு லயத்திலும் மழை அளக்க ஒரு வீட்டாரைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் எழுப்ப ஆலய மணியா, விசிலா என்று முன்பே தீர்மானியுங்கள்.

3. நடக்க முடியாதவர்களை யார் தூக்கிச் செல்வது என்று பெயர் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்.

4. மாற்று நிலம் கேட்டு ஒரு குடும்பமாக அல்ல, பங்காக, தொழிற்சங்கமாக, மதபேதமின்றி ஒன்றாய்க் கேளுங்கள்.

குடும்பத்தில் பேசிப் பார்க்க

இன்றிரவு சிவப்பு எச்சரிக்கை வந்தால் நாம் எங்கே போவோம்? அடுத்த காம்பராவில் தனியே இருக்கும் பாட்டியை யார் கூட்டி வருவார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் விடை கண்டுவிடுங்கள். பிறகு, மீரியபெத்தை மண்ணில் இன்னும் துயில்பவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.