கம்பு சுற்றும் பிள்ளைக்கு முதல் பாடம் காலில்!

கம்பைக் கையில் கொடுத்தவுடனே சுற்ற வேண்டும் என்று துடிக்காத பிள்ளை உண்டா? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. இன்று ஆண், பெண் பேதமில்லாமல் பிள்ளைகள் சிலம்ப வகுப்புக்குப் போகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் வகுப்பில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. பயிற்சி எந்த வரிசையில் நடக்கிறது என்று பெற்றோர் கவனிக்க வேண்டும். வரிசை தப்பினால் வித்தையும் வராது, வளரும் எலும்புக்கும் கேடு.

கம்பின் அளவு: பிள்ளை நேராக நிற்கும்போது தரையிலிருந்து நெற்றி வரை இருந்தால் போதும். அண்ணனுடைய கம்பைத் தம்பிக்குக் கொடுக்காதீங்க. கம்பை நடுவில் பிடித்து, கையை முன்னால் நீட்டி அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். தோள் மேலே ஏறினாலோ, மணிக்கட்டு நடுங்கினாலோ அந்தக் கம்பு பிள்ளைக்குக் கனம். சிராய் இல்லாமல் தேய்த்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இனி ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

1. உடம்பைச் சூடாக்குதல் (10 நிமிடம்): மெதுவான ஓட்டம். பிறகு கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் நிதானமாக அசைக்க வேண்டும்.

2. வெறுங்கையில் காலடி (10 நிமிடம்): தரையில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். பிள்ளை நடுவில் நிற்கட்டும். முன், பின், இடது, வலது என்று ஆசான் சொல்லும் பக்கம் ஓரடி வைத்து, மறுபடி நடுவுக்கு வர வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். பார்வை தரையில் இருக்கக் கூடாது. ‘இது என்ன, டான்ஸ் கிளாஸா?’ என்று பிள்ளை முணுமுணுக்கும். விடாதீங்க. காலடி உறுதியாக இல்லாதவன் கம்பை வேகமாகச் சுற்றினால் அந்த அதிர்ச்சி முழுக்க முதுகிலும் தோளிலும் இறங்கும்.

3. மணிக்கட்டு (10 நிமிடம்): உடம்புக்கு முன்னால் காற்றில் எட்டு போடுவது போல் கம்பைச் சுழற்ற வேண்டும். வலது கையில் இருபது, இடது கையில் இருபது, பிறகு ஓய்வு. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கை தடுமாறும். அதற்காக வலது கையிலேயே நூறு சுற்ற விடக் கூடாது. ஒரே மூட்டுக்கு ஓயாமல் வேலை கொடுப்பதுதான் பல வலிகளுக்கு ஆரம்பம்.

4. காலும் கம்பும் சேர்ந்து (10 நிமிடம்): முன்பு பழகிய காலடியோடு இப்போது சுழற்சியைச் சேர்க்கலாம். பத்து தடவை தப்பில்லாமல் வந்த பிறகே வேகம் கூட்ட வேண்டும்.

5. ஜோடிப் பயிற்சி (10 நிமிடம்): ஒருவர் மெதுவாக வீச, மற்றவர் தடுக்க வேண்டும். எந்தப் பக்கம் வீசப் போகிறோம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லியே பழகட்டும். தலைக்கவசம் கட்டாயம். பொட்டு, பிடரி, தொண்டை, நெஞ்சுக்குழி ஆகிய இடங்களுக்கு வீச்சே கூடாது. எங்கள் வர்ம நூல்கள் ஆபத்தாகச் சொல்லும் பகுதிகள் இவை.

6. விளையாட்டோடு முடித்தல் (10 நிமிடம்): இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே கம்பைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, ‘விடு’ என்றதும் கையை விட்டு ஓடி, எதிராளியின் கம்பு விழுவதற்குள் பிடிக்க வேண்டும். கண், கால், கை மூன்றுக்கும் வேலை. கடைசியில் மூச்சு தணியும்வரை மெல்ல நடக்கட்டும்.

முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வந்து சுற்றிவிட்டுப் போகிற வகுப்பில் பயிற்சியைவிடக் காத்திருப்புதான் அதிகம். இரண்டு மூன்று பேராகப் பிரித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பழகும்படி நடத்தச் சொல்லுங்கள். இடையில் இடைவெளி தாராளமாக இருக்கட்டும். வெயில் நேரத்தைத் தவிர்த்து, கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் பழகலாம்? பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்து வயசுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் என்பது உச்ச வரம்பு, அதை எட்டியே தீர வேண்டும் என்பதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

அடுத்து சொல்லப் போவது முக்கியம். பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்கான குருத்துத் தட்டு இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற அடி, பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் முறிவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். அதனால் மூட்டு வீங்கினால், ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், நொண்டினால், எண்ணெய் போட்டு நீவவோ இழுக்கவோ வேண்டாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டி, தேவையானால் எக்ஸ்ரே எடுங்கள். தைலம் அப்புறம்.

தலையில் அடிபட்டால் அன்றைக்குப் பயிற்சி அதோடு சரி. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், விடாத தலைவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். முடிந்ததும் மோர், சுண்டல், எள்ளுருண்டை. வாரம் மூன்று நாள் கேழ்வரகு சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், ‘எத்தனை சுத்து சுத்தினே?’ என்று கேட்காதீங்க. ‘எங்கேயாவது வலிக்குதா?’ என்று கேளுங்க. வலித்தால் மறைக்காமல் சொல்லும் பிள்ளைதான் நாலு வருஷம் கழித்தும் கம்பைக் கீழே போடாமல் ஆடிக்கொண்டிருக்கும்.