நெருப்பு மூட்டினால் குளிரும் பெட்டி

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

அம்மோனியா நீரூற்றுச் சோதனையை நம் பள்ளிச் சோதனைச்சாலையில் கண்டு வியக்காத மாணவியர் இருக்க முடியாது. கவிழ்த்து வைத்த குடுவை நிறைய அம்மோனியா வாயு. கீழே தொட்டியில் சிவப்பு லிட்மஸ் கலந்த நீர். ஒரு சில துளி நீர் குடுவைக்குள் போனதும் வாயு அதில் கரைந்துவிட, தொட்டி நீர் ஊற்றாகப் பீறிட்டு ஏறி நீலமாக மாறும். "அழகாக இருக்கிறது என்று யாரும் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்" என்று சிஸ்டர் அன்று எச்சரித்தார். எனக்கோ நீல நிறம்தான் மனத்தில் நின்றது, எச்சரிக்கை நிற்கவில்லை. சென்ற கோடையில் அமெரிக்காவிலிருந்து சித்தி தொலைபேசியில் பேசிய பிறகே அதன் பொருள் விளங்கியது.

சித்தப்பா அங்கே பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார். அதை வீட்டு வண்டி எனலாம். கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஒரே வண்டிக்குள் அடக்கம். நான்கு வயதுத் தம்பியையும் அழைத்துக்கொண்டு அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டார்கள். வழியில் மின்சாரம் இல்லாத இடங்களிலும் அந்த வண்டியின் குளிர்பதனப் பெட்டி வேலை செய்யும். எப்படித் தெரியுமா? சமையல் எரிவாயுவால் எரியும் சிறு சுடரைக் கொண்டு! நெருப்பை மூட்டிக் குளிரை உண்டாக்குவதா என்று நானும் முதலில் நம்பவில்லை.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மோட்டார் உண்டு. அது ஓடும் உறுமல் நமக்குப் பழக்கமானது. இந்தப் பெட்டியிலோ மோட்டார் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, ஓசையும் இல்லை. 1922-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இருவர் இதனை உருவாக்கினர். இருவரும் அப்போது தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களே என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

பெட்டியின் முதுகுப்புறத்தில் வளைந்து வளைந்து செல்லும் எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் அடைக்கப்பட்டிருக்கும். அடியில் உள்ள கொதிகலனைச் சுடர் சூடாக்க, நீரில் கரைந்திருந்த அம்மோனியா குமிழிகளாகக் கிளம்பும். கஞ்சி கொதித்துப் பொங்கும்போது நுரையோடு கஞ்சியும் மேலே வருவதுபோல, குமிழிகள் நீரையும் தூக்கிக்கொண்டு மேலேறும். நீர் பிரிந்துவிட, அம்மோனியா மட்டும் சிறகுத் தகடுகள் பொருத்திய குழாயில் ஆறித் திரவமாகும். பிறகு அது பெட்டிக்குள் இருக்கும் ஆவியாக்கிக் குழாயில் இறங்கி, அங்கே ஹைட்ரஜனைச் சந்திக்கிறது.

இங்கேதான் டால்டனின் பகுதி அழுத்த விதி வருகிறது. குழாய்களுக்குள் எங்கும் மொத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. ஆவியாக்கியில் அதன் பெரும்பங்கை ஹைட்ரஜன் எடுத்துக்கொள்வதால், அம்மோனியாவின் பங்கு மிகவும் குறைகிறது. ஆகவே அது எளிதில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டியில் உள்ள பாலிலிருந்தும் பழத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் ஆவியாதலால்தானே! பின்பு இரு வாயுக்களும் கீழே இறங்க, அங்கே காத்திருக்கும் நீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். நீரூற்றுச் சோதனையில் நாம் கண்ட அதே பேராசைதான். நீரில் கரையாத ஹைட்ரஜன் மேலே திரும்பிவிடும்.

திரவத்தைத் தள்ள மோட்டார் கிடையாது; அது தன் எடையால் தானே வழிந்து கொதிகலனுக்கு வர வேண்டும். ஆகையால் வண்டி சமதளத்தில் நிற்பது அவசியம். ஓடும்போது குலுங்கி ஆடுவதால் கேடில்லை. சரிவில் நிறுத்திவிட்டுச் சுடரை எரியவிட்டால், திரவம் ஏதேனும் ஒரு வளைவில் தேங்கிவிடும். கொதிகலன் வற்றி அளவுக்கு மீறிச் சூடேறும். ஒவ்வொரு தடவையும் எஃகு சிறிது நலிந்து, ஒருநாள் மயிரிழை விரிசல் விடும். இந்தக் கேடு உடனே வெளியே தெரியாது என்பதுதான் பொல்லாதது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொதிகலன் குழாயில் விரிசல் விடக்கூடும் என்ற குறைக்காக 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பெட்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே குறை செய்முறையைச் சார்ந்தது. ஆனால் விரிசல் விழும் இடம் அதேதான்.

சித்தப்பா வண்டியில் முதல் நாளே பால் திரிந்துவிட்டது. பள்ளத்தாக்கின் தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் சுடர் சரியாக எரியாது என்பது உண்மை. ஆகவே சித்தப்பா உயரத்தின்மேல் பழியைப் போட்டு, முகாமிலிருந்த மின்சாரத்தில் பெட்டியை இணைத்தார். கொதிகலன் நன்றாகச் சூடேறியது. பெட்டி மட்டும் குளிரவில்லை. சுடரிலும் மின்சாரத்திலும் கொதிகலன் சூடேறியும், வண்டி சமமாக நின்றும், பெட்டி குளிராவிட்டால் குறை குளிர்விக்கும் அமைப்பிலேயே இருக்கிறது என்று அறியலாம். அவர்களுக்கு அன்று இது தெரியாது.

நள்ளிரவில் முதலில் அழுதது தம்பி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள பரண்போன்ற கட்டிலில் அவன் உறங்கிக்கொண்டிருந்தான். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17. காற்றின் சராசரியோ 29. எடை குறைந்த வாயு மேலே அல்லவா போகும்! "கண்ணு எரியுதும்மா" என்று அவன் எழுந்தபோதுதான் கீழே இருந்தவர்களுக்கும் நெடி உறைத்தது. பள்ளியில் படித்தபோது முகர்ந்த நெடி என்று சித்தி உடனே அடையாளம் கண்டார். விளக்கைப் போட எழுந்த சித்தப்பாவைத் தடுத்து, "முதல்ல வெளியே வாங்க" என்று தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சித்தி செய்தது முற்றிலும் சரி என்று சிஸ்டர் சொன்னார். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 300 பங்கு அம்மோனியா இருந்தாலே உயிருக்கு ஆபத்தான அளவாகக் கொள்கிறார்கள். கூடவே கசியும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். ஆகவே தீக்குச்சி கிழிக்கவோ, சுவிட்சைத் தொடவோ, எங்கிருந்து வருகிறது என்று மூக்கால் தேடவோ கூடாது. எல்லாரும் இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டு, வெளியிலிருந்து எரிவாயு உருளையை மூடிவிட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். தம்பியின் கண்ணைச் சித்தி குழாயடியில் வைத்துக் கழுவினார். மருத்துவர் பார்த்து, தீங்கில்லை என்றார். இறைவனுக்கு நன்றி.

காலையில் பழுதுபார்ப்பவர் வந்து வண்டியின் வெளிப்புறச் சட்டத்தைக் கழற்றினார். கொதிகலன் அருகே மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தது. எஃகு துருப்பிடிக்காதிருக்க நீரில் சேர்க்கும் சோடியம் குரோமேட் அது. கசிந்து உலர்ந்தால் மஞ்சள் கறையாகும். நஞ்சாதலால் கையால் தொடக் கூடாது. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயோரம் பிடித்தார், தாள் நீலமாயிற்று! இதைச் சித்தி சொன்னபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஐந்து மதிப்பெண் வினா என்றல்லவா அதை நினைத்திருந்தேன்!

ஓட்டையை அடைத்து வாயுவை நிரப்பிவிடலாமே என்று சித்தப்பா கேட்டார். முடியாது என்றார் அவர். உள்ளே காற்றழுத்தத்தைப்போல் 20 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம்; ஹைட்ரஜன் இருக்கும் குழாயைப் பற்றவைக்க எவரும் துணியலாகாது. பெட்டியைத் தலைகீழாகச் சில மணிநேரம் வைத்தால் சரியாகும் என்று சொல்வாரும் உண்டு. தேங்கி அடைத்துக்கொண்ட பெட்டிக்கு அது சில வேளை பலன் தரலாம். கசிந்து வெறுமையானதற்குப் பயன் என்ன? குளிர்விக்கும் அமைப்பு முழுவதையும் கழற்றிப் புதியது பொருத்துவது ஒரு வழி. மின்கலத்தில் ஓடும் மோட்டார் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வது மற்றொரு வழி. சித்தி இரண்டாவதையே விரும்பினார். சித்தப்பாவுக்கு ஓசையில்லாத பெட்டியை விட மனமில்லை.

புதிய அமைப்பைப் பொருத்திய அன்று பெட்டி குளிரப் பல மணிநேரம் பிடித்ததாம். இப்போது அதனுள்ளே, பால் புட்டிக்குப் பக்கத்தில், கொத்தனார் வைத்திருப்பது போன்ற சிறு ரசமட்டம் ஒன்று இருக்கிறது. வண்டி நின்றதும் அதன் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது தம்பியின் வேலை.