அந்தி விளக்கும் பத்துச் செய்யுள்களும்

கொச்சியில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திற்குத் தெற்கே உள்ளது பள்ளுருத்தி. அங்குள்ள ஸ்ரீ பவானீஸ்வரர் ஆலயத்தில் 1916-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்தவர் ஸ்ரீ நாராயண குரு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1914-இல், அவர் மலையாளத்தில் இயற்றிய சிறிய பிரார்த்தனைப் பாடல் ‘தெய்வ தசகம்’. பத்தே செய்யுள்கள், நிதானமாகப் பாடினாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நூறாண்டுகள் கடந்த பின்னரும், கேரளத்தின் பல இல்லங்களில் அந்தியில் விளக்கேற்றியதும் பிள்ளைகள் இதைப் பாடுகின்றனர்.

குருதேவர் ஆலயங்கள் பல நிறுவியவர். ஆயினும் ஆலயத்திற்கு நாம்தான் செல்ல வேண்டும்; அன்று பலருக்குப் பழைய கோயில்களின் வாசல் அடைபட்டும் இருந்தது. பாடலுக்கு வாசல் கிடையாது. தெய்வம் என்ற பொதுச் சொல்லோடுதான் இது தொடங்குகிறது. காக்கும்படி வேண்டுவதும் ‘என்னை’ என்றல்ல, ‘எங்களை’ என்றே.

எண்ணத்தக்க பொருள்களையெல்லாம் எண்ணி முடித்தபின் எஞ்சி நிற்பவன் பார்ப்பவனே என்று ஒரு செய்யுள் உரைக்கிறது. வேதாந்த நூல்கள் விரிவாக ஆராயும் விஷயம் இது. அடுத்த செய்யுளோ உணவுக்கும் உடைக்கும் வந்துவிடுகிறது! அன்றாட வாழ்வில் இப்பாடல் தங்கிவிட்டதற்கு இந்த இறக்கமே முக்கியக் காரணம் எனலாம். பிறவிக் கடலைக் கடத்தும் தோணி என்பது பழைய உவமை. குருதேவர் அந்தத் தோணியைத் தம் காலத்து நீராவிக் கப்பலாக்கினார். அவர் கையாளும் ‘ஆவி’ என்ற சொல் தமிழருக்கும் உரியதே. நம் செவியில் அது உயிர் என்றும் ஒலிக்கிறது.

பொருள் அறியாமல் ஒப்பிப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படைப்பவனும் படைப்பும் படைக்கப்பட்டவையும் அதற்கான மூலப்பொருளும் இறைவனே என்னும் செய்யுள் ஏழு வயதுக் குழந்தைக்கு விளங்காது. (நிமித்த காரணமும் உபாதான காரணமும் ஒன்றே என்பது வேதாந்த வகுப்பில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவர்களுக்கே எளிதில் பிடிபடுவதில்லை.) ஆனால் விளங்கிய பிறகே மனப்பாடம் செய்வது என்று வைத்துக்கொண்டால், விளங்கும் வயதில் நினைவு அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. கடைசிவரை பொருளைத் தேடாதவருக்கு அது வெறும் ஒலியாகவே நின்றுவிடும் என்பதும் உண்மை.

இன்னொரு செய்யுள் நம்மைக் கடலுக்கும், மாயையை அலைக்கும், இறைவனின் மகிமையைக் காற்றுக்கும், இறைவனை ஆழத்திற்கும் ஒப்பிடுகிறது. தோப்பும்படித் துறையிலிருந்து சென்ற படகு, புயல் எச்சரிக்கைக்குப் பின்னும் திரும்பாத ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம். விளக்கின் முன் அமர்ந்திருக்கும் மனைவியால் அப்போது புதிதாக ஒரு பிரார்த்தனையைச் சொல்சேர்த்து அமைக்க இயலுமா? சிறுவயதில் ஒப்பித்ததுதான் தானாக நாவில் எழும். அன்று அலை அவளுக்கு உவமை மட்டுமன்று. அவள் நெஞ்சில் இருப்பது தன் கணவன் ஒருவன்தான். பாடல் அவளுக்குத் தரும் சொல்லோ ‘எங்களை’. குமரிக் கரையிலிருந்து வந்து அதே படகில் வேலைக்குச் சேர்ந்தவனும், அவள் முகம் அறியாத மற்றவர்களும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.