ஊவாவின் மறுபாதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஊவா என்றதும் தேயிலை மலையும் பனிமூட்டமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் மாகாணத்தின் சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் 5,600க்கும் மேற்பட்டவை மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதில் பெரும்பகுதி வெயில் காயும் தாழ்நிலம். பதுளை மாவட்டத்திலேயே மஹியங்கனைப் பக்கம் சமவெளிதான். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இருப்பதாகப் பலர் எண்ணும் கதிர்காமமும் மொனராகலையைச் சேர்ந்தது. பண்டாரவளைத் தோட்டத்திலிருந்து புத்தல வழியாகக் கதிர்காமம் போகிறவர்கள் மாகாண எல்லையைத் தாண்டுவதே இல்லை.

அந்தத் தாழ்நிலத்தை வெறும் பாலைவனம் என்று மலையில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. அது தவறு. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்பார்கள். இலங்கையின் மிக வறண்ட கரையோரங்களுக்குக் கூட ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. மழையின் அளவைவிட அது பெய்யும் காலமே இங்கு முக்கியம்: சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, மற்ற மாதங்களில் நிலத்தைக் காயவிடுகிறது. ஊவா மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயாவும் மாணிக்க கங்கையும் இந்தக் காய்ந்த நிலத்தைக் கடந்துதான் தென்கிழக்குக் கடலைச் சேர்கின்றன.

இது என்றைக்கும் ஆளில்லாத காடாகவே இருந்தது என்பதும் உண்மையல்ல. வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலையில் பாறையில் செதுக்கப்பட்ட சுமார் 15 மீட்டர் உயரப் புத்தர் சிலையும், மாலிகாவிலையில் ஒரே கல்லில் செய்த பெருஞ்சிலையும் இங்கு செழித்த பழைய குடியிருப்புகளுக்குச் சான்று. 1817-18இல் எழுந்த ஊவா கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை, வெல்லஸ்ஸ எனப்படும் இந்தத் தாழ்நிலப் பகுதியின் வயல்களையும் நீர்ப்பாசனத்தையும் கால்நடைகளையும் அழித்தது. இன்று காடாகத் தெரியும் பல இடங்கள் அந்த அழிவுக்குப் பின்னர் காடானவை. பயண நூல்கள் இதை விட்டுவிட்டு வனப்பை மட்டும் பேசுவது பெருங்குறை.

மே முதல் செப்டெம்பர் வரை மலைநாடு முழுவதும் மழையில் நனையும் என்பது இன்னொரு நம்பிக்கை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாகவே ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாக் கொழுந்தின் தனி மணம் இந்த வறண்ட காற்றின் கொடை. அதே காற்றில்தான் கீழே குளங்கள் வற்றுகின்றன. கதிர்காமத்து ஆடித் திருவிழா இந்த வறட்சியின் நடுவில் வருவதால், உகந்தையிலிருந்து குமண, யால காடுகள் வழியே பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீரே முதல் கவலை. மலைச்சரிவில் மழையால் பயணம் ஆபத்தாவது ஒக்டோபரிலிருந்துதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியது 2014 ஒக்டோபர் 29 அன்று.

காட்டை எண்ணி அஞ்சுகிறவர்கள் அதற்கு முன்னே வரும் இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். எல்லவிலிருந்து வெல்லவாய வரை 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சாலை சுமார் 800 மீட்டர் இறங்குகிறது. 2025 செப்டெம்பர் 4 இரவு அங்கே பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தனர். பாரமேற்றிய வாகனம் இந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. குறைந்த கியரில், பகலில் இறங்குவதே முறை.

புத்தல - கதிர்காமம் சாலையில் வண்டிகளை மறிக்கும் யானைகள் பழகியவை, பழம் கொடுத்தால் வழிவிடும் என்ற எண்ணம் பக்தர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவை காட்டு யானைகள். யாரோ ஒருவர் பூஜைத் தட்டிலிருந்து நீட்டிய வாழைப்பழமே அவற்றைச் சாலைக்கு வரப் பழக்கியது. அடுத்த வண்டியில் பழம் இல்லாவிட்டால் தும்பிக்கை ஜன்னலுக்குள் நுழைகிறது, கண்ணாடி உடைகிறது, ஆட்களும் காயப்படுகிறார்கள். சாலையோரம் வீசும் பொலித்தீனை விழுங்கும் யானைகளும் துன்பப்படுகின்றன. காட்டு யானைக்கு உணவு கொடுப்பதை வனசீவராசிகள் திணைக்களம் தடைசெய்திருக்கிறது. அன்பால் கொடுத்தாலும் அது யானைக்குச் செய்யும் தீங்குதான். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். ஹோர்ன் அடிக்கவோ, இறங்கிப் படம் எடுக்கவோ கூடாது.

கீழே போனால் மலேரியா பிடிக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமானதே. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. இன்று அஞ்ச வேண்டியது டெங்கு. கொதிக்க வைத்தால் எந்தத் தண்ணீரும் நல்லதாகிவிடும் என்பதும் அரைகுறை உண்மை. கொதிப்பில் கிருமி சாகும். வறண்ட வலயக் கிணறுகள் பலவற்றில் உள்ள புளோரைட் போகாது. சில நாள் பயணிக்கு அதனால் கேடில்லை. ஆண்டுக்கணக்கில் அதையே குடிக்கும் ஊர்மக்களுக்குத்தான் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுகின்றன.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டி, கீறி, வாயால் விஷத்தை உறிஞ்ச வேண்டும் என்று இன்றும் சொல்லப்படுகிறது. இவை அனைத்தும் கேட்டையே செய்யும். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990.