நம் வட்டார ஓட்டல்களும் நம் மளிகைக் கடையும்

"மாதம் பிறந்தால் லிஸ்ட் கொண்டுவந்து கொடுத்துச் சாமான் எடுத்தவர்கள் இப்போது கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறார்கள். வேளைக்கு வேளை ஓட்டலுக்குப் போய்விடுகிறார்கள்." வணிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் குறை கேட்காமல் இருப்பதில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். ஓட்டலுக்குப் போகிறவர் சாப்பிடுவதும் அரிசியும் பருப்பும்தான். வீட்டு அடுப்பில் வெந்தது இன்று ஓட்டல் அடுப்பில் வேகிறது. அந்த ஓட்டலுக்குச் சரக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நம் வட்டார ஓட்டல்களுக்கு எப்படி விற்பது, எவ்வளவு விற்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஓட்டல் வியாபாரத்தில் சரக்கை விற்பது சுலபம். பணத்தை வசூலிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது.

திருவல்லிக்கேணி சொல்லும் பாடம்

சென்னையில் திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்த இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த இடம் அது. மேன்ஷன் அறையில் கட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. அங்கே தங்கியிருப்பவர் நம்மிடம் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குவார், துவரம்பருப்பு வாங்கமாட்டார். காலையில் டிபன் கடை, மதியம் மெஸ், இரவில் பரோட்டாவோ பிரியாணியோ என்று மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. அவர் வாங்க வேண்டிய மளிகை முழுவதையும் அவருக்காக மெஸ்காரர் வாங்குகிறார்.

அதே ஊரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய ரத்னா கபே இட்லிமேல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றுவதற்குப் பேர்பெற்றது. சாம்பாரைக் கரண்டியால் அளக்காமல் ஊற்றும் ஒரு கடைக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு பருப்பும் புளியும் மிளகாயும் வேண்டியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூட்டமும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பார்த்தசாரதி கோயில் இருப்பதால் புரட்டாசியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் சைவ டிபனுக்குக் கூட்டம் சேரும்; புரட்டாசியில் பிரியாணி அரிசி மெதுவாகத்தான் நகரும். வாலாஜா மசூதி இருக்கும் அதே வட்டாரத்தில் ரம்ஜான் மாதம் வந்தால் நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசியும் வெந்தயமும் போகும். இரவுக் கடைகள் களைகட்டும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பந்தயம் நடக்கும் நாளும் ஒரு கணக்கு. தம் வட்டாரம் எந்த மாதத்தில் எதைச் சாப்பிடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கும் கடைக்காரருக்குச் சரக்குத் தேங்குவதும் குறையும், இல்லை என்று சொல்லி வாடிக்கையைத் திருப்பி அனுப்புவதும் குறையும்.

ஒரு வட்டாரத்தின் பசியை முதலில் அறிகிறவர் மளிகைக் கடைக்காரர்தான் என்பதற்கு, அதே சென்னையின் கே.கே. நகரில் ஓர் உதாரணம் உண்டு. இங்கே நல்ல ஓட்டல் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குத் தியாகராய நகர் போக வேண்டியிருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரு மளிகைக் கடைக்காரர், 1981இல் அங்கேயே சரவண பவனைத் தொடங்கினார். அவருடைய பிற்கால வாழ்க்கை பற்றி இங்கே பேச்சில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது நம் காதில் விழுவதும் வியாபாரத் தகவலே என்பதற்காகச் சொல்கிறோம். நாம் எல்லோரும் ஓட்டல் தொடங்க வேண்டியதில்லை. ஓட்டல்காரருக்கு ஏற்ற கடைக்காரராக மாறினால் போதும்.

வீட்டுக்கு ஒரு சரக்கு, ஓட்டலுக்கு ஒரு சரக்கு

வீட்டு அம்மா பருப்பைக் கையில் எடுத்து நிறம் பார்க்கிறார். ஓட்டல் மாஸ்டர் பார்ப்பது வேறு. ஒரு கிலோ உளுந்துக்கு மாவு எவ்வளவு காணும், துவரம்பருப்பு எவ்வளவு நேரத்தில் குழைய வேகும், அரிசி உதிரியாக மலருமா, படியரிசிக்கு எத்தனை சாப்பாடு தேறும் என்பதே அவர் கணக்கு. பழைய அரிசியை எதிர்பார்ப்பவரிடம் புது அரிசியைத் தள்ளிவிட்டால் சோறு குழைந்துவிடும். பழைய உளுந்தைக் கொடுத்தால் மாவு காணாது. மறுநாள் மாஸ்டர் நம் பெயரைச் சொல்லித்தான் முதலாளியிடம் குறை சொல்வார்.

ஆகையால் புதுச் சரக்கு வந்ததும் மூட்டையை இறக்குவதற்கு முன் ஒரு கிலோவை மாதிரியாகக் கொடுத்து, அரைத்தும் வேகவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மாஸ்டர் சரி என்ற ரகத்தையே தொடர்ந்து கொடுங்கள். ரகம் மாறினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கிலோவுக்கு ஐம்பது காசு கூடக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஓட்டல்கள் உண்டு.

எடை விஷயத்தில் இரண்டு இடங்களில் தெளிவு வேண்டும். ஒன்று எண்ணெய் டின். 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் எடை. எனவே 15 லிட்டர் டின்னில் இருப்பது ஏறக்குறைய 13 கிலோ 650 கிராம்; கிலோ டின்னைவிட 1 கிலோ 350 கிராம் குறைவு. "பக்கத்துக் கடையில் டின் விலை குறைவு" என்று ஓட்டல்காரர் சொன்னால், கோபப்படாமல் எந்த டின் என்று கேளுங்கள். கிலோ விலையாக மாற்றி எழுதிக் காட்டுங்கள்.

இரண்டாவது அரிசிப் பை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு முத்திரைச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 26 கிலோ பை சந்தைக்கு வந்த காரணம் இதுதான். பைக்குப் பை விலையை ஒப்பிட்டால் கணக்குத் தவறும். இங்கேயும் கிலோவுக்குக் கிலோதான் பார்க்க வேண்டும்.

வரியில் இன்னொரு செய்தி. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்கள் 5 சதவீத வரி வசூலிக்கின்றன. ஆனால் வாங்கும் சரக்குக்குக் கொடுத்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியாது. நம்மிடம் வாங்கும் இன்னொரு வியாபாரி, "வரியைக் கழித்துக்கொள்கிறேன்" என்பார். ஓட்டல்காரருக்கு அந்த வழி இல்லை. நாம் போடும் வரி முழுதும் அவருக்குச் செலவு. அதனால்தான் சிலர் பில் வேண்டாம் என்கிறார்கள். அதற்கு இணங்கக்கூடாது. பில் இல்லாத சரக்குக்குப் பாக்கி விழுந்தால் எதைக் காட்டிக் கேட்பது?

கடன் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உதாரணமாக ஓர் ஓட்டல் மாதம் ரூ. 1,20,000க்கு நம்மிடம் சரக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு நிற்பது விற்பனையில் 4 சதவீதம், அதாவது மாதம் ரூ. 4,800. மாதக் கடைசியில் தருகிறேன் என்பவர் இழுத்தடித்து 45 நாள் ஆக்குகிறார். அப்போது நிலுவை ரூ. 1,80,000. அதில் நம் முதல் மட்டும் ரூ. 1,72,800. இந்த முதலை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதம் ரூ. 1,728 வட்டிக்கே போய்விடும். மிச்சம் ரூ. 3,072. வண்டிக் கூலியும் ஆள் கூலியும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

ஒரு நாள் காலையில் அந்த ஓட்டலின் கதவு திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்? ரூ. 1,72,800ஐ மாதம் ரூ. 4,800 வீதம் திரும்பச் சம்பாதிக்க 36 மாதம் ஆகும். மூன்று வருட உழைப்பு போயிற்று. அதே ஓட்டலுக்கு வாரக் கணக்கு வைத்திருந்தால் நிலுவை ரூ. 28,000ஐத் தாண்டாது, நஷ்டம் வந்தாலும் ஆறு மாத லாபத்துக்குள் அடங்கிவிடும். லாபத்தைக் கூட்ட வழியில்லாதபோது, கடன் நாளைக் குறைப்பதே லாபம்.

ஓட்டல்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். முன்பு அவருக்கு விற்பனைப் பணம் உடனே கல்லாவில் விழுந்தது. செல்போன் ஆப் மூலம் வீடுகளுக்குப் போகும் சாப்பாட்டுக்கு, கமிஷன் போக மீதி சில நாள் கழித்துத்தான் வங்கியில் வரவாகிறது. அந்தப் பணம் எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு, மறுநாளை வசூல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் அலைச்சல் இல்லை.

பாக்கி பெரிதானால் சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்:

1. கடன் தவணை குறிக்காமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நிலுவைச் சீட்டில் கையெழுத்து வாங்குவதைத் தவறவிடாதீர்கள்.

2. செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் அதைப் பெற்ற 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தினால் உரிமை போய்விடும்.

3. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். 2021 ஜூலையில் வணிகர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் சலுகையை மட்டுமே நமக்குக் கொடுத்தார்கள்.

சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்

ஓர் ஓட்டலின் நாணயத்தை அறிய ஆடிட்டர் வேண்டாம். புதிதாக ஓர் ஓட்டல் கடன் கேட்டால், ஒரு வாரம் வெவ்வேறு வேளையில் அங்கே போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேஜையில் எத்தனை முறை இலை மாறுகிறது? கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது நாளுக்கு ஓர் ஆளா? போர்டில் எழுதிய பண்டங்களில் எத்தனை உண்மையில் கிடைக்கின்றன? மாஸ்டரும் சப்ளையர்களும் பழைய முகங்களா, அடிக்கடி மாறுகிறார்களா? பால்காரரும் இலைக்காரரும் காஸ் சிலிண்டர்காரரும் வந்த உடனே பணம் வாங்கிப் போகிறார்களா, நின்று காத்துக் கிடக்கிறார்களா? சாம்பார் நாளுக்கு நாள் நீர்த்துப் போகிறதா?

பழைய வாடிக்கை ஓட்டல்களையும் இதேபோல் மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள். வழக்கமாக மூட்டையாக எடுத்தவர் திடீரென்று பத்துக் கிலோவாக எடுத்தால் காரணம் கேளுங்கள். வேறு கடையிலும் பாக்கி வைத்து வாங்குகிறாரா என்று நம் சங்கத்து நண்பர்களிடம் விசாரியுங்கள். போட்டிக் கடைக்காரர் என்று பாராமல் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டால் இருவர் முதலும் தப்பும். சங்கம் இருப்பதே அதற்காகத்தானே.

அளவு மீறக்கூடாது

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. மேன்ஷன்களில் தங்கியிருந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஓட்டல்களையே நம்பியிருந்த கடைகளுக்கு விற்பனையும் நின்றது, பழைய பாக்கியும் நின்றது. வீட்டு வாடிக்கையை விடாமல் வைத்திருந்த கடைகளுக்கு அந்த நாட்களில் வீடுகளே கைகொடுத்தன.

ஆகவே ஓட்டல் வியாபாரம் மொத்த விற்பனையில் எத்தனை பங்கு என்று நாமே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய ஓட்டலானாலும், ஒரே ஓட்டலின் நிலுவை நம் மூன்று மாத நிகர லாபத்தைத் தாண்ட விடக்கூடாது என்பது நாம் சொல்லும் அளவு. உங்கள் முதலுக்கேற்ப அதைக் குறைத்துக்கொள்ளலாம், கூட்டாதீர்கள். கால் கிலோ வாங்க வரும் வீட்டு அம்மாவை நிற்கவைத்துவிட்டு ஓட்டல் மூட்டையை எடை போடாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி சரக்குக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கடையைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் எத்தனை ஓட்டல், மெஸ், டிபன் கடை, தள்ளுவண்டி இருக்கின்றன என்று நடந்தே எண்ணி எழுதுங்கள். எதிரே அவர்கள் என்ன சமைக்கிறார்கள், சரக்கு எங்கே வாங்குகிறார்கள், பணம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மூன்று பத்தி போடுங்கள். மூன்றாவது பத்தி நிரம்பிய பிறகு முதல் மூட்டையை அனுப்பலாம்.