சுபம் போட்டால் குற்றமா?

கேள்வி: ரமணிசந்திரன் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். "முடிவு தெரிஞ்ச கதையை எதுக்கும்மா படிக்கிறே?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் கேலி செய்கிறாள். இந்த மாதிரிக் கதைகளால் என்னதான் பயன்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 1943 டிசம்பர். உலகப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் துனீசியாவில் நிமோனியாவால் படுத்துவிட்டார். கால்மாட்டிலிருந்து மகள் சாரா அவருக்கு வாசித்துக் காட்டியது என்ன தெரியுமா? ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. கல்யாணத்தில் முடிகிற கதைதான்!

நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் சேர்ந்துவிடுவார்கள் என்று பாதியிலேயே ஊகிக்கலாம். அவன் கர்வமும் அவளுடைய அவசரத் தீர்ப்பும் எப்படிக் கரைகின்றன என்பதில்தான் சுவாரஸ்யம். 'என்ன ஆகுமோ' என்ற பதைப்பு இல்லாததால் பேச்சையும் குணத்தையும் நிதானமாக ரசிக்கிறோம்.

நம் எழுத்தாளர் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வும் அப்படித்தான். சாம்பு அசட்டுத்தனமாக எதையோ செய்வார், குற்றவாளி அகப்படுவான். இது வாசகருக்கு முன்பே தெரியும். இருந்தும் சாம்புவின் அந்த அதிர்ஷ்டத்தைத் தேவன் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஜோடித்துச் சிரிக்க வைத்தாரே, அது லேசான வேலையா?

ஒன்று மட்டும் கவனியுங்கள். கஷ்டமே படாமல் கிடைக்கிற சுபம் சப்பென்றிருக்கும். பாத்திரங்கள் தங்கள் சந்தோஷத்தைத் தாங்களே சம்பாதிக்க வேண்டும். அப்படிப்பட்ட கதைகளைத் தாராளமாகப் படியுங்கள்.

மகளிடம் ஆஸ்டினைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாடத்திட்டத்தில் இருந்தால், "அது இலக்கியம்மா!" என்பாள்.