சாவியும் கணக்கும்

சேமிப்புடன் சங்கக் கடனையும் கூட்டி, தறிக்கூடத்தின் மேல் இரண்டு அறைகள் கட்டிக் குடிக்கூலிக்கு விட்டார் நகராட்சி ஊர் ஒன்றின் நெசவாள அங்கத்தினர். ஒப்பந்தம் வாய்ப்பேச்சே, ரசீது கிடையாது. எட்டாம் மாதம் வாடகை நின்றது. அதை நம்பியிருந்த கடன் தவணையும் நின்றது. சினமுற்று மின்சாரத்தைத் துண்டித்தார். குற்றம் அவர் மீதே திரும்பியது. தணிக்கைக்குச் சென்ற நம்மிடம் காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. அடமானத்திலிருந்ததோ அவர் குடியிருந்த வீடு.

உடைமையின் பிடி சாவியில் இல்லை. எழுத்திலும் கணக்கிலும் உள்ளது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பாக்கி நின்றாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வாடகை, முன்பணம், காலம், பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுக.

2. மாதந்தோறும் ரசீது தந்து, அடிக்கட்டையைக் காத்து வைக்க.

3. ஒரு மாதம் தவறினாலும் உடனே எழுத்து மூலம் கேட்க.

4. வரிக்கும் பழுதுக்கும் அறை காலியாயிருக்கும் மாதங்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்குக, மிஞ்சுவதே வருமானம். தவணையை அந்த மிச்சத்திற்குள் அடக்குக.

கணக்குடையவர் கோபிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.